ஐஸ் கம்பெனி வீதியின் கசப்பு

புதுச்சேரியின் தெற்கு ஓரத்தில், பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலை கடலைக் கண்டதும் கொஞ்சம் தயங்கி வலது பக்கம் திரும்புகிற இடத்தில், ஐஸ் கம்பெனி வீதி இருக்கிறது. ஐஸ் கம்பெனி மூடி வருஷக்கணக்காகியும், அங்கே பிறந்த பிள்ளைகள் ஐஸை ஃப்ரிஜ்ஜுக்குள் மட்டுமே பார்த்திருந்தும், வீதி தன் பெயரை விடவில்லை, ஏனென்றால் அந்த வீதிக்காரர்கள் எதையுமே விடுகிறவர்கள் அல்ல. அப்பா காலத்து வேலித் தகராறு, கல்யாணப் பந்தியில் ஒரு சித்தப்பாவின் இலைக்கு மட்டும் அப்பளம் வராமல் போனது, சாவு வீட்டில் யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பது, எல்லாவற்றையும் அவர்கள் நகையைப் போலத் துடைத்துப் பத்திரப்படுத்தி, பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்துக் கொடுத்து வந்தார்கள்.

ஒரு பங்குனி மாதத்தில் அந்த வீதியின் கசப்பு மொத்தமும் கிளம்பி ஒரு பீர்த் தொட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. எப்படிப் போயிற்று என்பதற்குப் பிற்பாடு பல காரணம் சொன்னார்கள். நிலத்தடித் தண்ணீர் என்றார் ஒருவர், சனிப்பெயர்ச்சி என்றார் இன்னொருவர், இரண்டும்தான் என்றார் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தவர். போனது போயிற்று. போன பிறகு அந்த வீதி என்ன பாடுபட்டது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

தொட்டியின் சொந்தக்காரி செலஸ்தீன். பழைய ஐஸ் கம்பெனி முதலாளியின் மகள். பழைய பிரெஞ்சுக் குடியிருப்பான ஒயிட் டவுனில் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் உள்ள வீட்டில் பிறந்து, பிரான்சில் பீர் காய்ச்சும் படிப்பைப் படித்து, அங்கேயே வேலையும் பார்த்து, நாற்பதை நெருங்கும்போது திரும்பி வந்தவள். அப்பா இறந்ததும் அண்ணன் மாக்ஸிமின் சொத்தைப் பிரித்தபோது, கடலைப் பார்த்த வீட்டைத் தான் வைத்துக்கொண்டு, துருப்பிடித்த ஐஸ் கம்பெனியைத் தங்கைக்குக் கொடுத்தார். கட்டடத்தோடு சேர்ந்து தையல்நாயகியும் அவள் பாகத்துக்கு வந்தாள்.

தையல்நாயகி அந்த வீதி முனையில், பூவரச மரத்தடியில், இஸ்திரி வண்டி வைத்திருப்பவள். அவள் புருஷன் கலிவரதன் ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்த்தவர். ஒரு மத்தியானம் ஐஸ் உறையவைக்கிற அம்மோனியா வாயு கசிந்து, எல்லோரும் வெளியே ஓடிவர, அவர் மட்டும் உள்ளே போய்ச் செத்துக் கிடந்தார். குடித்துவிட்டு வந்து தப்பான வால்வைத் திறந்துவிட்டார் என்று அப்போது கம்பெனியை நடத்திக்கொண்டிருந்த மாக்ஸிமின் சொன்னார். போலீசும் அப்படியே எழுதியது. பிணத்தின் வாயில் சாராய வாடை அடித்ததை வீதிக்காரர்கள் சிலரும் மோந்து பார்த்தார்கள். ஒரு சொட்டும் தொடாத மனுஷன் என்று சொன்னது தையல்நாயகி ஒருத்திதான். பெண்டாட்டி வேறு என்ன சொல்வாள் என்று வீதி கேட்டது. அன்றிலிருந்து அவள் வழக்கு ஒன்று, கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவளும் தினம் காலையில் கரி மூட்டுவதற்கு முன்னால் கம்பெனி கேட்டுக்கு வந்து, ஒரு கை மண்ணை அள்ளி உள்ளே வீசி, "பொய் சொன்ன வாய் புழுத்துப் போவ" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இதெல்லாம் நடந்தபோது செலஸ்தீன் பிரான்சில் இருந்தாள். அண்ணன் போனில் சொன்னதை நம்பினாள். திரும்பி வந்து பீர்க்கூடம் கட்டியபோது, தினமும் கேட்டில் விழுகிற மண்ணைப் பெருக்க ஒரு ஆளை வைத்தாள்.

அவள் முதலில் காய்ச்ச நினைத்தது இந்தியா பேல் ஏல் என்கிற பீர். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், இங்கே வெயிலில் வாடிய தன் ஆட்களுக்காக ஊரிலிருந்து கப்பலில் பீர் அனுப்பினானாம். மாதக்கணக்கில் கடலில் குலுங்கி வரும்போது கெட்டுப்போகாமலிருக்கக் கசப்பைக் கூட்டிப் போட்டானாம். இந்தியாவுக்குப் போகிறது என்பதற்காக அதற்கு இந்தியா என்று பெயர் வைத்துவிட்டு, இந்தியாக்காரன் நாக்கில் ஒரு சொட்டு படாமல் பார்த்துக்கொண்டானாம். இப்படித்தான் செலஸ்தீன் வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னாள். டீக்கடைக்காரர் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம பேரை வச்சி அவன் குடிச்சான், இப்ப அவன் பேரை வச்சி நாம குடிக்கணும்" என்றார்.

அந்தக் கசப்புக்கு ஹாப்ஸ் என்று ஒரு கொடியின் பச்சைப் பூ வேண்டும். அது ஜெர்மனியிலிருந்து வந்து சென்னைத் துறைமுகத்தில் ஏதோ முத்திரைக்காகக் காத்துக் கிடந்தது. அதற்குள் இங்கே முளைகட்டிய பார்லி ஊறி, வெந்து, வடிந்து நின்றது. ஹாப்ஸ் இல்லாத பீர் என்பது தித்திப்பான பார்லிக் கஞ்சி. கொட்ட மனசில்லாமல் ஈஸ்டைப் போட்டு மூடிவைத்தாள். தொட்டி பங்குனி வெயிலில் குமிழிவிட்டது, அடங்கியது. கொட்டிவிடலாம் என்று குழாயைத் திறந்தவள், பழக்க தோஷத்தில் ஒரு கிளாஸ் பிடித்தாள்.

நிறம், மாலை வெயில் பட்ட கண்ணாடி வளையல். நுரை விரல் உயரத்துக்கு நின்று, கிளாஸின் உள்பக்கம் வலை பின்னிக்கொண்டே மெல்ல இறங்கியது. மோந்தாள், பம்பளிமாஸ் தோலைக் கிள்ளின வாசம், அதற்குப் பின்னால் புதிதாக இழைத்த மரச்சீவல். வாயில் வைத்தாள். முதலில் ஒரு தித்திப்பு, சொந்தக்காரர்கள் வந்தவுடன் சிரிக்கிற சிரிப்பு மாதிரி. பிறகு கசப்பு வந்தது, பாகற்காய்போல முகத்தில் அறைகிற கசப்பு அல்ல, நாக்கின் அடிப்பக்கமாக நடந்து வந்து, தொண்டையில் பாய் விரித்து உட்கார்ந்து, நான் போகமாட்டேன் என்கிற கசப்பு. விழுங்கிய பிறகும் அது வளர்ந்தது. ஒன்றல்ல, நூறு கசப்பு, ஒன்றுக்குமேல் ஒன்று ஏறி நின்றது. எல்லாவற்றுக்கும் அடியில், நாக்கைச் சில்லென்று சுடுகிற ஏதோ ஒன்று. அது என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை. இவ்வளவு நல்ல பீரை அவள் பிரான்சிலும் குடித்ததில்லை. ஹாப்ஸ் போடவே இல்லையே என்று இரண்டாவது கிளாஸையும் பிடித்தாள்.

அன்று காலையில்தான் தையல்நாயகி கேட்டுக்கு வந்தாள். மண்ணை அள்ளினாள். கையை ஓங்கினாள். ஓங்கிய கை அங்கேயே நின்றது. எதற்கு ஓங்கினோம் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது, ஆனால் எதற்கு வீச வேண்டும் என்று தெரியவில்லை. மண்ணைக் கீழே விட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, காவலுக்கு நின்றவரைப் பார்த்து, "சாப்ட்டியாண்ணே?" என்று கேட்டாள். அவர் பயந்துபோய், உள்ளே ஓடிச் செலஸ்தீனிடம் சொன்னார்.

வீதியில் மற்றவர்களுக்கும் அப்படியே ஆகியிருந்தது. ஒரே முற்றத்தின் குறுக்கே சுவர் எழுப்பி முகம் பார்க்காமல் வாழ்ந்த தையல்கார அண்ணன் தம்பி இருவரும், காலைக் காப்பிக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம் கடப்பாரையோடு நின்று, சுவரை இடித்து, செங்கல்லுக்கு நடுவில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்புறம்தான் இரண்டு குடும்பமும் அந்தச் சுவரில்தான் துணி காயப்போட்டு வந்தது என்று தெரிந்தது. வக்கீல் பஞ்சநதத்தின் ஆபீஸ் வாசலில் கட்சிக்காரர்கள் மைசூர்பாக்கோடு வரிசையில் நின்று, வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் ஐயா என்றார்கள். அவருக்கு ஏற்கனவே சர்க்கரை. கோயிலில் இரண்டாகப் பிரிந்திருந்த திருவிழாக் கமிட்டி ஒன்றாகச் சேர்ந்தது. எதிர்க் கமிட்டியைவிட ஒரு ரூபாயாவது கூடப் போடவேண்டும் என்கிற வெறி போனதால், வசூல் பாதிகூட வராமல், சாமி அந்த வருஷம் டிராக்டரில் போகாமல் தள்ளுவண்டியில் போனார். ஒரு வீட்டுக் கல்யாணத்தில் யாரை விடலாம் என்று யாருக்கும் தோன்றாததால் எல்லோரையும் கூப்பிட்டு, எல்லோரும் வந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் சாப்பாடு இல்லாமல் பிஸ்கட் தின்றார்கள். மாமியாரும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்து டிவி சீரியல் பார்த்துவிட்டு, இந்த அம்மா ஏன் அந்தப் பெண்ணுக்கு விஷம் வைக்கிறாள் என்று புரியாமல் அணைத்துவிட்டுத் தூங்கினார்கள்.

மோசமாக அடிபட்டது டீக்கடை. டீ என்பது வாக்குவாதம் முடியும்வரை குடிக்கிற பண்டம். வாக்குவாதம் தொடங்கவே இல்லையென்றால் ஒரு டீக்கு மேல் யார் குடிப்பார்கள்? பேப்பரை விரித்து, கட்சிச் செய்தியைப் படித்து, "ஆமாம், அவங்க சொல்றதும் சரிதான்" என்று மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்கள். வார்டு கவுன்சிலர் ஓட்டுக்கு முன்னோட்டமாக வீதியைச் சுற்றி வந்தார். குடிதண்ணீர் வரவில்லை என்று ஒருவர்கூடத் திட்டவில்லை. மனுஷர் வெலவெலத்துப் போய், தன் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு திருநள்ளாற்றுக்குக் கிளம்பினார்.

கசப்பு எங்கே போயிற்று என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் வெளியூர்க்காரர்கள். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்களில் வந்து, நீளமான மேஜைகளில் உட்கார்ந்து, செலஸ்தீனின் பீரைக் குடித்தார்கள். ஒரு கிளாஸ் முடிவதற்குள் ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன் கண் கலங்கி, என் அண்ணி எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றும்போது எப்போதும் கலக்காமலேயே ஊற்றுவாள் என்று அழுதான். அவனுக்கு அண்ணன் கிடையாது, சைவம் வேறு. ஒரு டாக்டரம்மா மேஜையைத் தட்டி, தென்னங்கன்னு என் எல்லைக்குள்ளதான் இருக்கு, சர்வேயரைக் கூப்பிடு என்று கத்தினார். திண்டிவனம் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் இறங்கிவிட்டது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு தாடிக்காரர், நாக்கை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர், பீர்களைச் சுவைத்து மார்க் போடுகிறவர், நாலு வாய் குடித்து நாலு முறை கண்ணை மூடித் திறந்து, முதலில் பைன் மரம், நடுவில் பம்பளிமாஸ், முடிவில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு, நாட்டிலேயே இதுதான் முதல் இடம் என்று எழுதிவிட்டுப் போனார்.

வீதிக்காரர்கள் அந்தப் பீரைத் தொடவில்லை. அவர்களுக்கு ஏது அந்த விலைக்குத் தாகம். அவர்களுக்குச் சாராயக்கடை இருந்தது. ஆனால் கருவாட்டுக் குழம்பு அண்ணி யார், தென்னங்கன்று யாருடையது என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. "நம்மளோடது எல்லாம் அங்கதான் கெடக்குது போல" என்றார் டீக்கடைக்காரர், ஊர் சுற்றப் போன ஆட்டைப் பற்றிச் சொல்வதுபோல. "கெடக்கட்டும்" என்றார்கள். கவலைப்படக்கூட ஒரு கசப்பு வேண்டும்.

மாக்ஸிமினுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு காலையில் வந்து, தையல்நாயகி தன் காரைப் பார்த்துச் சிரித்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, நேரே வக்கீல் பஞ்சநதத்திடம் போனார். பஞ்சநதத்திடம் மிச்சமிருந்த ஒரே கட்சிக்காரர் அவர்தான்.

"சமாதானமா முடிச்சிடலாம் செலஸ்" என்றார் தங்கையிடம். "குடும்பத்துச் சார்பா ஏதோ கருணைத்தொகை குடுத்துடலாம். விபத்து தொழிலாளியோட தவறால நடந்ததுன்னு அந்தம்மா ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா போதும். கேஸ் போயிடும். நஷ்ட ஈட்டுக்காக உன் கட்டடத்து மேல இருக்கிற பாரமும் போயிடும்."

"அவங்க ஒத்துக்குவாங்களா?"

"கேட்டாச்சு. எதுக்குங்க வீண் சண்டைன்னுது."

அன்று செலஸ்தீன் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, ஒரு கிளாஸைப் பிடித்து, மற்றக் கசப்புகள் ஒவ்வொன்றாக நாக்கிலிருந்து எழுந்து போகும்வரை காத்திருந்தாள். அடியில் இருந்த அந்தச் சில்லென்ற சூடு மட்டும் மிஞ்சியது. அதையும் துப்பாமல், அவசரப்படாமல், தொண்டைக்குள் இறங்கவிட்டாள். அம்மோனியா. கண் எரிந்தது. ஒரு சட்டையில் முகம் புதைந்திருந்தது. காலர் ஓரத்தில் இஸ்திரியின் கரி வாசம், உப்பு, வியர்வை. காலையில் அந்தச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தவளின் மூக்கு அது. அந்த மூக்குக்குத் தெரியும், வாயில் அடிக்கிற சாராயம் அந்த உடம்புக்குள்ளிருந்து வரவில்லை, மேலே கிடக்கிறது என்று. செலஸ்தீன் கிளாஸை மேஜையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கசப்பு இறங்கிவிட்டது. தெரிந்தது இறங்கவில்லை.

ஒரு பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பூவரச மரத்தடிக்குப் போனாள். தையல்நாயகி ஒரு வெள்ளைச் சட்டையை விரித்து நீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"வா பாப்பா. வெயில்ல வந்திருக்கியே" என்றாள். முதலாளி வீட்டுப் பெண்ணை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. செலஸ்தீனுக்கு அழுகை வந்தது.

"அக்கா, கையெழுத்துப் போடாதீங்க. அவர் குடிக்கல. எனக்குத் தெரியும்."

"ஆமா, குடிக்கல."

"போட்டா, குடிச்சாருன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"ஆவட்டும். போனவரு போயிட்டாரு." இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் மேல் ஓட்டினாள். ஆவி எழுந்தது.

செலஸ்தீன் பாட்டிலை எடுத்து வண்டி ஓரத்தில் வைத்தாள். "உங்களுது எல்லாம் இதுக்குள்ள இருக்குதுக்கா. ஒரு வாய் குடிச்சீங்கன்னா திரும்ப வந்துரும். இந்த வீதிக்காரங்க யாரு குடிச்சாலும் அவங்கவங்களுது அவங்கவங்ககிட்ட வந்துரும்னு நெனைக்கிறேன்."

தையல்நாயகி பாட்டிலை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"வந்துட்டா, ராத்திரி தூக்கம் போயிடும் இல்ல?"

செலஸ்தீன் தலையாட்டினாள்.

"அவரு போனதுலேர்ந்து கண்ணை மூடுனா அந்த வாடைதான். இப்ப ஒரு மாசமாத்தான் தூங்கறேன். பொழுது விடிஞ்சதே தெரியாம தூங்கறேன், பாப்பா." பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவரு குடிக்கலன்னு ஒனக்குத் தெரியுதுல்ல? குடிச்சிப் பாத்துத்தான தெரிஞ்சிக்கிட்ட? அப்ப நீ போய்ச் சொல்லு. நான் எத்தினி வருசம் சொன்னேன். இப்ப நீ கொஞ்ச நாள் சொல்லு."

சமாதானக் கூட்டம் பீர்க்கூடத்திலேயே ஏற்பாடாயிற்று. மின்விசிறி நன்றாக ஓடும், வீதி முழுவதும் உட்காரலாம் என்பதற்காக. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து மணி அடித்ததும் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். தையல்கார அண்ணன் தம்பி தோளில் கை போட்டுக்கொண்டு, கமிட்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் நாற்காலி துடைத்துக் கொடுத்துக்கொண்டு, தையல்நாயகி துவைத்த சேலையில். பஞ்சநதம் பத்திரத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். செலஸ்தீன் எழுந்தாள்.

"இவ்வளவு வருஷத்துச் சண்டை முடியுது. கையெழுத்துக்கு முன்னால எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய். அண்ணே, நீங்கதான் முதல்ல."

மாக்ஸிமின் தங்கையின் பீரை அதுவரை தொட்டதில்லை, அவர் ஒயின்காரர். ஆனால் வீதி முழுவதும் கிளாஸையும் டம்ளரையும் கையில் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துச் சிரித்தது. "வீதியோட சமாதானத்துக்கு" என்று சொல்லி அண்ணாந்தார். வீதியும் அண்ணாந்தது. செலஸ்தீன் குடிக்கவில்லை. தையல்நாயகியும் குடிக்கவில்லை.

டம்ளர்கள் மேஜைக்கு இறங்கின. பிறகு தையல்காரத் தம்பி, அண்ணன் கையைத் தோளிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, "சுவரை இடிக்கச் சொன்னது எவன்டா?" என்றான். அதோடு ஆரம்பித்தது. கருவாட்டுக் குழம்பு எழுந்தது, தென்னங்கன்று எழுந்தது, அப்பளம் வைக்காத பந்தி எழுந்தது. தள்ளுவண்டியில் போன சாமிக்காக ஒரு கமிட்டி இன்னொரு கமிட்டியின் சட்டையைப் பிடித்தது. மருமகள் மாமியாரைப் பார்த்தாள், மாமியார் மருமகளைப் பார்த்தாள், இருவர் முகத்திலும் காணாமல் போன பிள்ளை திரும்பி வந்த நிம்மதி தெரிந்தது.

அந்தக் கூச்சல் அத்தனைக்கும் மேலாக ஒரு குரல் கேட்டது. மாக்ஸிமின் நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். பிரெஞ்சு உச்சரிப்பு கலந்த அவருடைய மென்மையான தமிழ் போய், தையல்நாயகியின் பேச்சு வந்திருந்தது. இடுப்பில் கை வைத்து, எதிரே இல்லாத ஒருவனைப் பார்த்துக் கத்தினார்.

"டேய் ஐஸ் கம்பெனிக்காரா! வால்வு கசியுதுன்னு அந்த மனுசன் ஒன்னாண்ட எத்தினி வாட்டி வந்து சொன்னாரு? சீசன் முடியட்டும்னியேடா! எல்லாரும் வெளிய ஓடியாரச்சே அவரு உள்ள போயி வால்வை மூடாம இருந்தா இந்த வீதில ஒரு ஜீவன் மிஞ்சியிருக்குமா? போலீசு வர்றதுக்குள்ள சாராயம் வாங்கியாரச் சொல்லி, செத்தவரு வாயில ஊத்துனியே! ஒன் கையால ஊத்துனியே! பொய் சொன்ன வாய் புழுத்துப் போவாதா? நீ நல்லா இருப்பியா?"

வீதி அப்படியே நின்றது. பிடித்த சட்டையைப் பிடித்தபடி. மாக்ஸிமின் இன்னும் ஒரு மூச்சு தன்னைத் தானே திட்டித் தீர்த்து, மூச்சு வாங்கி, மெல்ல இறங்கி உட்கார்ந்து, "தண்ணி" என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை.

"வாயில ஊத்துனாங்களா?" என்று தையல்நாயகி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள், பஸ் போய்விட்டதா என்று கேட்பதுபோல. கோபம் அவளுடையது, ஆனால் அந்த விஷயம் மாக்ஸிமினுக்குள் இருந்தது; அவளுக்கு அதுவரை தெரியாது.

முதலில் சுதாரித்தவர் பஞ்சநதம். அவருக்கும் தன் கசப்பு திரும்ப வந்திருந்தது; அதனால் மூளை பழையபடி ஓடியது. "யாரும் இதைப் பெருசா எடுத்துக்க வேண்டாம்" என்றார். "குடிச்சிட்டுச் சொன்னது சட்டப்படி எடுபடாது. கேட்டவங்களும் குடிச்சிருக்காங்க. குடிச்சவன் சொன்னான், குடிச்சவன் கேட்டான். கோர்ட்டு சிரிக்கும்."

"ஒரு வாய்தானே குடிச்சாரு" என்றார் டீக்கடைக்காரர்.

"ஒரு வாயும் குடிதான்."

"செத்தவர் அந்த ஒரு வாய்கூடக் குடிக்கலியே சார்" என்றாள் செலஸ்தீன். "நான் இன்னிக்குக் குடிக்கல. அக்காவும் குடிக்கல. நான் கேட்டேன். என்ன கேட்டேன்னு எங்க வேணா வந்து சொல்றேன்."

மாக்ஸிமின் தங்கையைப் பார்த்தார். "கட்டடம் போயிடும் செலஸ்."

"தெரியும் அண்ணே."

சொன்னபடியே போய்ச் சொன்னாள். மாக்ஸிமின் தரப்பு வக்கீல், நீங்கள் பீர் காய்ச்சுகிறவர்தானே, ருசி பார்க்காமலா விற்கிறீர்கள் என்று கேட்டபோது, மற்ற நாட்களில் பார்ப்பேன், அன்றைக்குப் பார்க்கவில்லை என்றாள். சாராயம் வாங்கப் போன பழைய தொழிலாளி ஒருவரை வீதியே தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியது. வீதிக்கு இப்போது மாக்ஸிமின் மேல் புத்தம்புதிய கோபம் ஒன்று கிடைத்திருந்தது, பழையவற்றைவிட நன்றாக இருந்தது. பஞ்சநதத்தின் ஆபீஸில் மறுபடி கட்சிக்காரர்கள் நிறைந்தார்கள், மைசூர்பாக்கு இல்லாமல். சுவர் திரும்ப எழுந்தது, முன்னைவிட ஒரு வரிசை செங்கல் அதிகமாக. கவுன்சிலர் வந்து நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு தெம்பாகத் திரும்பினார்.

அடுத்த மழைக்காலத்தில் தீர்ப்பு வந்தது. கலிவரதன் மது அருந்தியிருக்கவில்லை, பழுதான வால்வைத் தன் கையால் மூடியதாலேயே சுற்றுப்புறம் காப்பாற்றப்பட்டது, அதில்தான் உயிரிழந்தார். நஷ்ட ஈட்டுக்காகக் கட்டடம் விற்பனைக்கு வந்தது. செலஸ்தீன் தொட்டிகளை வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டுக்கு மாற்ற ஏற்பாடு செய்தாள். துறைமுகத்தில் கிடந்த ஹாப்ஸ் எப்போதோ வந்துவிட்டது. அதைப் போட்டுக் காய்ச்சிய பீரைக் குடித்த பெங்களூர்த் தாடிக்காரர், நல்ல பீர், ஆனால் கதை இல்லை என்று எழுதினார். மாக்ஸிமின் மேல் போலீஸ் வழக்கு தனியாக நடக்கிறது. அது நடக்கும்.

தீர்ப்பை வாசித்தபோது கோர்ட்டில் எல்லோரும் தையல்நாயகியைப் பார்த்தார்கள். அவள், "சரிங்க" என்றாள். வெளியே வந்து இளநீர் குடித்தாள். செலஸ்தீனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தாள்.

தொட்டிகளை ஏற்ற லாரி வந்த அன்று, பத்து மணி வெயிலில், தையல்நாயகி பீர்க்கூடத்துக்குள் வந்து நின்றாள். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர்.

"அந்தப் பழைய தொட்டியில ஏதாச்சும் மிச்சம் இருக்குதா பாப்பா?"

"அடியில கொஞ்சம் இருக்குக்கா. எதுக்கு?"

"ஊத்து."

"வேண்டாங்க்கா. தூக்கம் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க. கேஸும் முடிஞ்சிருச்சு. இனிமே எதுக்கு?"

தையல்நாயகி பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஜட்ஜு ஐயா அவரு குடிக்கலன்னு சொன்னாரு. அதைக் கேக்கத்தான் செருப்பு தேய நடந்தேன். சொன்னாரு. எனக்கு ஒண்ணுமே ஆவலியே. யாரோ யாரையோ சொல்றாப்புல இருந்திச்சி. வூட்டுக்குப் போயி அவரு போட்டோவைப் பாக்கறேன். அதுவும் யாரோ மாதிரியே இருக்குது." டம்ளரை நீட்டினாள். "நான் செயிச்சது எனக்குத் தெரிய வேணாமா? ஊத்து."

செலஸ்தீன் குழாயைச் சாய்த்தாள். கலங்கலாக, வண்டலோடு, அரை டம்ளர் வந்தது. தையல்நாயகி மோந்து பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். மருந்து குடிக்கிறவள்போல ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முகம் முழுவதும் கோணிக்கொள்ள, "தூ... இதையா கார் போட்டு வந்து குடிக்கிறானுங்க?" என்றாள்.

டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். வெளியே லாரிக்காரர்கள் கயிறு இழுக்கிற சத்தம் கேட்டது. அவள் கழுத்து நரம்பு மெல்ல எழும்பியது. கண்ணை மூடினாள், மூடியதும் வாடை வந்திருக்க வேண்டும், உடனே திறந்தாள்.

"வாயில ஊத்துனானே" என்றாள், இப்போதுதான் கேள்விப்பட்டவளாக. "தண்ணிகூடக் கேக்காம செத்த மனுசன் வாயில ஊத்துனானே பாப்பா."

"ஆமாங்க்கா."

"அந்தத் தீர்ப்பு என்னா சொல்லிச்சி? திரும்பச் சொல்லு."

செலஸ்தீன் சொன்னாள். கலிவரதன் மது அருந்தியிருக்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னாள். மூன்றாவது தரம் சொல்லும்போது தையல்நாயகிக்கு அழுகை வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து, ஊளையிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, அவர் செத்த அன்று போலீஸ் நின்றதால் அழ முடியாமல் போனதையும் சேர்த்து அழுதாள். செலஸ்தீன் அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையை உதறினாள்.

"ஒங்கண்ணனை நான் மன்னிக்கல."

"வேண்டாங்க்கா."

"ஒன்ன என்னா பண்றதுன்னு இன்னும் யோசிக்கல."

"சரிங்க்கா."

எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, வாய்விட்டு அழுதபடியே வீதியில் நடந்தாள். சண்டை போட்டுக்கொண்டிருந்த டீக்கடை வாயை மூடியது. தையல் மெஷின்கள் நின்றன. குடம் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குழாயை மூடினார்கள். வீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, வெயிலில், அவர் குடிக்கல, அவர் குடிக்கல என்று சொல்லிக்கொண்டே அவள் போனாள். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அழாதே என்று யாரும் சொல்லவில்லை.